பிரார்த்தனையும் மாத்திரையும்

லண்டனில் ஒரு ஜமைக்கா குடும்பம், சில்ஹெட்டிலிருந்து வந்த ஒரு வங்காளிக் குடும்பம், யாழ்ப்பாணத்திலிருந்து போன ஒரு தமிழ்க் குடும்பம். இந்த மூன்றில் எந்த வீட்டிலாவது ஒருவருக்குத் தூக்கம் கெட்டு, பேச்சு குறைந்து, நடவடிக்கை மாறத் தொடங்கினால் வீட்டார் முதலில் யாரைத் தேடிப் போவார்கள்? பல வேளைகளில் பாஸ்டரை, இமாமை, கோயில் ஐயரை, சாத்திரியாரை. மருத்துவர் அதற்குப் பிறகுதான் வருவார். இதை அறியாமை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. புது நாட்டில் அவர்கள் மொழியிலேயே பேசி, பேர் சொல்லி அழைத்து, கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருக்க ஆள் இருந்த இடம் வெகு காலம் அது ஒன்றுதான்.

சிறுபான்மை இனத்தவரிடையே சமய நம்பிக்கையும் மனநலமும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்று பார்க்க பிரிட்டனை எடுத்துக்கொள்கிறேன். இந்தச் சிக்கலைப் பற்றி அரசு விசாரணையும் ஆய்வும் வாக்குவாதமும் அங்கே நிறைய நடந்திருக்கின்றன. நம் மக்களும் அங்கே பெருந்தொகையாக வாழ்கிறார்கள்.

முதலில் ஒரு பின்னணி. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 46.2 சதவீதம். எந்தச் சமயமும் இல்லை என்றவர்கள் 37.2 சதவீதம். மொத்த நாடும் சமயத்திலிருந்து விலகிக்கொண்டிருக்க, குடியேறிய சமூகங்களில் பல அதைக் கெட்டியாகப் பிடித்திருக்கின்றன. இதனால் மருத்துவமனையில் ஓர் இடைவெளி விழுகிறது. மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்குக் கடவுள் அன்றாட வாழ்வின் நடுவில் இருக்கிறார். அந்தப் பக்கம் இருப்பவர் அதைப் பற்றிக் கேட்கவே கூச்சப்படுகிறார்.

இந்தக் கூச்சத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. சமயச் சடங்கையும் மனநோயாளியின் கட்டாயச் செயல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஃபிராய்ட் 1907-இலேயே எழுதினார். அந்தப் பார்வை மனநல மருத்துவத்தில் பல தலைமுறை தங்கிவிட்டது. பிரிட்டனின் அரச மனநல மருத்துவர் கல்லூரியில் ஆன்மிகத்துக்கென்று ஒரு சிறப்புக் குழு அமைந்ததே 1999-இல்தான்.

சபை ஏன் வீடாயிற்று

1948 ஜூனில் எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் டில்பரி துறைக்கு வந்தது. அதிலும் அதற்குப் பின்னும் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை இருப்பதிலேயே நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு அக்கம்பக்கத்து இங்கிலாந்துத் திருச்சபைக் கோயில்களுக்குப் போனார்கள். பலருக்கு வாசலில் கிடைத்தது முகச்சுளிப்பு. இனி வர வேண்டாம் என்று குருவானவரே சொல்லி அனுப்பியதாக எத்தனையோ முதியவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். திருச்சபையின் பேரவை இதற்காக மன்னிப்புக் கேட்டது 2020-இல். எழுபது ஆண்டு தாமதம்.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1953-இல் உல்வர்ஹாம்ப்டனில் ஆலிவர் லைசெய்ட் என்ற ஜமைக்கா போதகர் தொடங்கிய சிறு கூட்டம், புதிய ஏற்பாட்டுத் தேவசபை என்ற பெரிய சபையாக வளர்ந்தது. இப்படிப் பல சபைகள் வாடகை மண்டபங்களிலும் வீட்டு முன்னறைகளிலும் பிறந்தன. அறை வாடகைக்குக் கிடைக்காத காலத்தில் எங்கே கிடைக்கும் என்று சொன்னதும், வேலை தேடிக் கொடுத்ததும், நோயில் கிடப்பவர் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனதும் இந்தச் சபை மக்கள்தான். வாரம் முழுக்கப் பேருந்திலும் ஆஸ்பத்திரியிலும் யாரோ ஒரு கறுப்பர் என்று பார்க்கப்பட்டவர், ஞாயிற்றுக்கிழமை காலை சபைக்குள் நுழைந்ததும் சகோதரர், மூப்பர், பாடகர் குழுத் தலைவி. ஒரு மனிதருக்கு மதிப்பைத் திருப்பித் தருவது மனநலத்துக்கு எவ்வளவு பெரிய மருந்து என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

தனிமை மனத்தை எப்படிக் குலைக்கும் என்பதற்குத் தெற்கு லண்டனில் நடந்த ஓர் ஆய்வு நல்ல சான்று. ஜேன் பாய்டெல் குழுவினர் 2001-இல் அதை வெளியிட்டார்கள். வெள்ளையரல்லாத சிறுபான்மையினரிடையே ஸ்கிசோஃப்ரீனியா எவ்வளவு புதிதாகத் தோன்றுகிறது என்று பகுதி பகுதியாகக் கணக்கெடுத்தார்கள். தம்மைப் போன்றவர்கள் அதிகம் வாழும் தெருக்களில் அது குறைவு. அவர்கள் அரிதாக வாழும் பகுதிகளில் அதிகம். சுற்றிலும் நம்மவர் இருப்பதே ஒரு காப்பு என்று இதிலிருந்து தெரிகிறது. ஆய்வு சமயத்தைப் பற்றியது அல்ல. ஆனால் நம்மவர் கூடும் இடம் எது என்று கேட்டால், சபை, பள்ளிவாசல், கோயில், குருத்வாரா என்றுதான் பதில் வரும்.

எந்தக் கடவுள்?

நம்பிக்கை உள்ளவருக்கு மனச்சோர்வு குறைவாக வருமா என்பது பழைய கேள்வி. 147 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசிய ஒரு பெரும் தொகுப்பு 2003-இல் வெளிவந்தது. சமயப் பற்று அதிகமாக இருக்குமிடத்தில் மனச்சோர்வின் அறிகுறிகள் சற்றே குறைவு என்று அது கண்டது. சற்றே என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கடுமையான இடர் நேர்ந்தவர்களிடம் அந்தத் தொடர்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. குடிபெயர்வு, வேலையிழப்பு, இனவெறுப்பு, போர் என்று அடிமேல் அடி வாங்கிய மக்களுக்கு இது பொருந்தக்கூடியதே.

இதைவிட முக்கியமான இன்னொன்று அதே தொகுப்பில் உண்டு. எல்லா வகைப் பற்றும் ஒரே பலன் தருவதில்லை. சில வகைகள் சோர்வைக் கூட்டுகின்றன. அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தது இதைத்தான். துன்பம் வரும்போது மனிதர் கடவுளை இரண்டு விதமாக அணுகுகிறார்கள் என்கிறார் அவர். கடவுள் என்னோடு இருக்கிறார், இதைக் கடக்க வலிமை தருவார் என்பது ஒன்று. கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார், சாத்தான் இதைச் செய்கிறான் என்பது மற்றொன்று. 55 வயதைத் தாண்டிய 596 நோயாளிகளை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்து அவர் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த இரண்டாவது வகைப் போராட்டத்தில் இருந்தவர்கள் இறந்துபோகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. உடல்நோயின் கடுமையைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை.

இந்த விஷயத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். நீங்கள் கடவுளை நம்புகிறீர்களா என்ற கேள்வியால் நோயாளிக்குப் பயன் இல்லை. கடவுள் இப்போது உங்களை எப்படிப் பார்ப்பதாக நினைக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். ஒருவரைத் தூக்கி நிறுத்துவதும் பள்ளத்தில் தள்ளுவதும் அதற்கு அவர் மனத்தில் இருக்கும் பதில்.

நம் வீடுகளில் சொல்லப்படும் காரணங்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் வியப்பாக இருக்கும். ஏழரைச் சனி என்று ஒரு சாத்திரியார் சொன்னால் படித்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்த விளக்கத்தில் இரண்டு ஆறுதல் இருக்கிறது. குற்றம் நோயாளியுடையது இல்லை. இந்தக் காலம் ஒரு நாள் முடியும், அதற்குத் தேதிகூட உண்டு. அதற்குப் பக்கத்தில் உன் விசுவாசம் போதவில்லை, அதனால்தான் ஜெபம் கேட்கப்படவில்லை என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். படுக்கையை விட்டு எழவே முடியாமல் கிடக்கும் ஒரு பெண்ணின் தலையில் அது இன்னொரு பாறையை ஏற்றுகிறது. ஜெபிக்க முடியாமல் போவதே அவள் நோயின் அறிகுறி. அந்த அறிகுறியையே அவள் பாவமாக்கிவிடுகிறார்கள். செய்வினை என்ற விளக்கமோ வேறு வகையில் கெடுக்கும். யார் வைத்தது என்று தேடப்போய், உதவிக்கு இருந்த மாமியையும் மச்சாளையும் பகைத்துக்கொள்ள வேண்டியதாகும்.

ஒளு முடியாத மனிதர்

நம்பிக்கையும் நோயும் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவி ஒளு செய்வது முஸ்லிம்களுக்கு இரண்டு மூன்று நிமிட வேலை. கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை கை, தலை, கால் என்று வரிசை உண்டு. எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) உள்ள ஒருவர் குழாயடியில் நிற்கிறார். முழங்கையில் தண்ணீர் படாமல் விட்டதோ என்று சந்தேகம். மறுபடி முதலிலிருந்து. காலுக்கு வரும்போது, நடுவில் காற்றுப் பிரிந்ததோ என்று இன்னொரு சந்தேகம். மறுபடி முதலிலிருந்து. வெளியே ஜமாஅத் தொழுகை முடிந்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். இவர் இன்னும் கை கழுவிக்கொண்டிருக்கிறார், தோல் வெடித்து எரிகிறது. தொழுகையில் நின்றால் ரக்அத், அதாவது தொழுகைச் சுற்று, எண்ணிக்கை தவறியதோ என்ற பயம். வீட்டில் பக்திமான் என்று பெருமைப்பட்டவர்களுக்கு, இது பக்தியைக் கடந்து எங்கோ போய்விட்டது என்று மெல்ல மெல்லத்தான் புரிகிறது.

முஸ்லிம் வழக்கில் இதற்கு வஸ்வாஸ் என்று பெயர் உண்டு. ஷைத்தான் ஊதும் வீண் சந்தேகம் என்று விளங்கிக்கொள்கிறார்கள். அப்படியென்றால் ஓதிப் பார்ப்பதுதான் மருந்தா? ஆயிரம் ஆண்டுக்கும் முன்பே ஒரு முஸ்லிம் அறிஞர் இதை நோயாகவே எழுதிவைத்திருக்கிறார். பல்க் நகரத்து அபூ ஸைத் அல்பல்கி, 934-இல் காலமானவர். உடலின் நலம், ஆன்மாவின் நலம் இரண்டையும் சேர்த்து ஒரு நூல் எழுதினார். விடாமல் வந்து தொல்லை தரும் எண்ணங்களை அதில் தனி வகையாகப் பிரித்து, எண்ணத்தைக் கொண்டே அவற்றை எதிர்கொள்ளும் வழிகளையும் சொன்னார். இன்றைய முஸ்லிம் உளநல மருத்துவர்கள் அவரை ஆசையோடு எடுத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. மாத்திரை சாப்பிடுவது ஈமானின், இறைநம்பிக்கையின், குறைவு என்று அஞ்சும் ஒருவரிடம், உங்கள் மரபிலேயே இதற்கு வைத்தியம் தேடியவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்ல முடிகிறது.

நடைமுறையில் நல்ல இமாம் செய்வது எளிமையானது. சந்தேகம் வந்தாலும் திரும்பச் செய்யாதே, ஒரு தடவை கழுவியது போதும், மார்க்கம் உன்னிடம் அதற்கு மேல் கேட்கவில்லை என்று உறுதியாகச் சொல்வார். உளவியலாளர் தரும் பயிற்சியும் கிட்டத்தட்ட இதே: பதற்றத்தோடு இரு, திரும்பக் கழுவாதே. இருவரும் ஒரே வார்த்தையைச் சொல்லும்போது நோயாளி தேறுகிறார். ஒருவர் மற்றவரை மறுத்தால் நடுவில் அவர் சிக்கிக்கொள்கிறார். இமாமிடம் ஒரு முறை கேட்டு நிம்மதியானவர், பத்து முறை திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கினால் அந்தக் கேள்வியே நோயின் பகுதியாகிவிட்டது என்பதையும் வீட்டார் தெரிந்துகொள்வது நல்லது.

மருத்துவமனை செய்த தவறு

சிறுபான்மையினர் மருத்துவமனைக்குப் போகத் தயங்குகிறார்கள் என்று குறைப்படுவதற்கு முன், அங்கே போனவர்களுக்கு என்ன நேர்ந்தது என்றும் பார்க்க வேண்டும். டேவிட் பென்னட் ஜமைக்காவில் பிறந்தவர், ரஸ்தஃபாரி சமயத்தவர், ஸ்கிசோஃப்ரீனியா நோயாளி. தாம் இருந்த மருத்துவமனையில் கறுப்பின நோயாளிகள் பலர் இருந்தும் கறுப்பின ஊழியர் ஒருவர்கூட இல்லையே என்று 1993-இல் செவிலியர் தலைமைக்குக் கடிதம் எழுதினார். 1998 அக்டோபரில் நாரிச்சில் ஓர் இரவு. இன்னொரு நோயாளி அவரை இனத்தைச் சொல்லித் திட்டினார், கைகலப்பாயிற்று. வேறு பகுதிக்கு மாற்றப்பட்டது பென்னட்தான். அவர் ஒரு செவிலியரைத் தாக்கினார். ஊழியர்கள் அவரைக் குப்புறத் தரையில் அழுத்திப் பிடித்தார்கள், ஏறத்தாழ 25 நிமிடம். அவர் இறந்துபோனார். வயது 38. விசாரணைக் குழுவின் அறிக்கை 2004-இல் வெளிவந்தது. அவருடைய பண்பாட்டு, சமயத் தேவைகள் கவனிக்கப்படவில்லை என்றும், மனநலத் துறையில் நிறுவன இனவெறி இருக்கிறது என்றும் அது ஒளிக்காமல் சொன்னது.

2002-இல் வந்த ஓர் ஆய்வு அச்சத்தின் வட்டம் என்று இதை விவரித்தது. கறுப்பின மக்கள் மனநல மருத்துவமனையைக் கண்டு அஞ்சுகிறார்கள். அதனால் நோய் முற்றும்வரை போவதில்லை. முற்றிய பிறகு காவல்துறை வந்து கூட்டிப்போகிறது. கட்டாய அனுமதி, பலவந்த ஊசி. அதைப் பார்த்த உறவினர்களுக்கு அச்சம் இன்னும் கூடுகிறது. 1983 மனநலச் சட்டத்தின் கீழ்க் கட்டாயமாக அடைக்கப்படுகிறவர்களில், மக்கள்தொகை விகிதப்படி பார்த்தால் கறுப்பினத்தவர் வெள்ளையரைப் போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று 2022-23 ஆண்டின் அரசுப் புள்ளிவிவரமே சொல்கிறது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு தாய் மகனைப் பாஸ்டரிடம் கூட்டிப்போனால் அவளை எப்படிக் குறை சொல்வது?

மொழியும் இடறும். பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்த ஒருவர், நேற்று ராத்திரி கர்த்தர் என்னோடு பேசினார் என்று சொல்வது மிகச் சாதாரணம். அம்மன் கோயிலில் உரு வந்து ஆடும் பெண்ணை நாம் யாரும் ஆம்புலன்சில் ஏற்றுவதில்லை. ஆனால் இத்தகைய பேச்சைக் காதில் வாங்கும் இளம் மருத்துவர் குரல் கேட்கும் நோய் என்று குறித்துக்கொள்ளக் கூடும். அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டில் சமய, ஆன்மிகச் சிக்கல் என்பது நோயல்லாத தனிப் பிரிவாக 1994-இல் சேர்ந்தது. 2013 பதிப்பில், நோயாளி தம் துன்பத்தைத் தம் பண்பாட்டில் எப்படி விளங்கிக்கொள்கிறார் என்று கேட்க 16 கேள்விகள் கொண்ட நேர்காணல் முறையும் வந்தது.

வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வீட்டாருக்கும் ஒரு வழி இருக்கிறது. அதே சபையில், அதே கோயிலில் உள்ள மற்றவர்களுக்கு இது இயல்பாகப் படுகிறதா என்று பாருங்கள். சாமி வந்தவர் ஆடி முடிந்ததும் விபூதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சமைப்பார், மறுநாள் வேலைக்குப் போவார். நோய் கண்டவருக்கு அந்த நிலை விடுவதில்லை. நாள்கணக்கில் தூங்காமல், குளிக்காமல், ஆளை நம்பாமல் இருப்பார். தான் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்றோ தன்னைக் கொல்லச் சதி என்றோ சொல்வார். சபையிலிருந்தே விலகிப்போவார். பாஸ்டருக்கும் பூசாரிக்குமே அவர் பேச்சு விசித்திரமாகப் பட்டால் தாமதிக்கக் கூடாது. குரல், தன்னையோ பிறரையோ காயப்படுத்து என்று கட்டளையிட்டால் அந்த மணிநேரமே மருத்துவம் வேண்டும்.

பிழை ஒரு பக்கம் மட்டும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பேயோட்டுதல் என்ற பெயரில் அடி, பட்டினி, கட்டிவைத்தல் நடக்கின்றன. 2000 பிப்ரவரியில் லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, வளர்த்தவர்களின் சித்திரவதையில் இறந்தாள். அவளுக்குள் பிசாசு இருப்பதாகச் சபையிலும் பேச்சு நடந்திருந்தது. நம்பிக்கையின் பேரால் குழந்தைகள் துன்புறுத்தப்படுவதைத் தடுக்க 2012-இல் அரசு தனித் திட்டமே வகுக்க வேண்டியிருந்தது. கை வைக்கிற, கட்டுகிற, சாப்பாட்டை நிறுத்துகிற, மாத்திரையை எறியச் சொல்கிற எந்த வழிபாடும் வழிபாடு ஆகாது. அதை விட்டு உடனே வெளியேற வேண்டும், குழந்தையாக இருந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

திதி கொடுக்க முடியாதவர்கள்

ஈழத் தமிழர் இந்தக் கதையில் இரண்டு தடவை சிறுபான்மையானவர்கள். இலங்கையில் ஒரு தடவை, தஞ்சம் புகுந்த நாட்டில் மறுபடி. 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு அவர்கள் லண்டனுக்குப் பெருந்தொகையாக வந்த ஆண்டுகளில் அங்கே கோயில்களும் எழுந்தன. ஹைகேட் முருகன் கோயில் 1986-இல் வந்தது. மேற்கு லண்டன் ஈலிங்கில் பழைய கிறிஸ்தவ வழிபாட்டுக் கட்டடம் ஒன்று கனகதுர்க்கை அம்மன் கோயிலாயிற்று. ஆகஸ்டு மாதத்தில் அங்கே தேர் ஓடும் நாளில் தெரு முழுக்கத் தேங்காய்ச் சிதறல்.

போர் நடந்த இடத்தில் நம்பிக்கை என்ன செய்தது என்பதை இரண்டு மானிடவியலாளர்கள் அருகிருந்து எழுதியிருக்கிறார்கள். பட்ரீசியா லாரன்ஸ் 1990-களில் மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில் இருந்தார். பிள்ளையை யாரோ பிடித்துப்போய்விட்டார்கள். எந்த முகாமில் கேட்டாலும் இல்லை என்கிறார்கள். வாய் திறந்து பேசினால் மற்றப் பிள்ளைக்கும் ஆபத்து. அந்தத் தாய் வாக்குச் சொல்லும் பெண்ணிடம் வந்து நிற்கிறாள். உரு வந்த அந்தப் பெண், பிள்ளை பட்ட அடியையும் வலியையும் தன் உடம்பிலேயே காட்டி அழுகிறாள். ஊர் சுற்றி நின்று கேட்கிறது. வெளியே சொல்ல முடியாத ஒன்று, அம்மன் முன்னால் எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. ஜேன் டெர்ஜஸ் யாழ்ப்பாணத்தின் தூக்குக் காவடியைப் பற்றி 2013-இல் நூல் எழுதினார். முதுகில் செடில் குத்தித் தொங்கும் இளைஞனுக்கு அந்த வலி அவன் தானே ஏற்றுக்கொண்டது, ஊர் முழுக்க அரோகரா சொல்லித் தாங்கியது. அவன்மேல் யாரும் திணித்தது இல்லை.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களைப் பற்றித்தான் எனக்கு மனம் அதிகம் தங்குகிறது. ஒருவர் இறந்தால் எட்டு உண்டு, அந்தியேட்டி உண்டு, ஆண்டுத் திவசம் உண்டு. துக்கத்துக்குச் சடங்கு ஒரு பாதை போட்டு வைத்திருக்கிறது. காணாமல் போனவருக்கு எதைச் செய்வது? திதி கொடுத்தால், மகன் இறந்துவிட்டான் என்று தாயே தீர்ப்பு எழுதியது போல் ஆகிவிடும். கொடுக்காவிட்டால், இறந்திருந்தால் அவன் ஆன்மா அலையுமே என்ற வேதனை. மனைவி பொட்டு வைப்பதா, அழிப்பதா? லண்டனில் ஒரு பேச்சுச் சிகிச்சையாளர் இவரிடம் துக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னால் அது எங்கே போய்ப் படும்? யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனி மனிதரோடு நிற்பதில்லை, ஊரையே ஒரு கூட்டுக் காயமாகத் தாக்குகிறது என்று தொடர்ந்து எழுதிவந்தவர். ஊர்ச் சடங்குகளையும் மரபு வைத்தியரையும் ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டே சிகிச்சை நடக்க வேண்டும் என்பது அவர் நிலை. இந்தப் பெண்களுக்கு அதைவிடப் பொருத்தமான மருத்துவம் எனக்குத் தெரியவில்லை.

சேர்ந்து செய்தால்

இரண்டு பக்கமும் சேரும் முயற்சிகள் நடக்கின்றன. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கஸாலா மீர் தலைமையில், மனச்சோர்வுக்கான ஒரு பேச்சுச் சிகிச்சையை முஸ்லிம் நோயாளிகளுக்கு ஏற்ப மாற்றி அமைத்தார்கள். அந்தச் சிகிச்சையின் அடிப்படை எளிது. சோர்வு வந்தவர் பிடித்தவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறார், விட விடச் சோர்வு கூடுகிறது. ஆகவே மனம் தேறட்டும் என்று காத்திராமல், அவர் மதிக்கும் செயல்களைச் சிறு சிறு அளவில் முதலில் திரும்பத் தொடங்க வைப்பார்கள். உங்கள் வாழ்க்கையில் எதை மதிக்கிறீர்கள் என்று கேட்கும்போது, மார்க்கம் என்று நோயாளி சொன்னால், அவர் விரும்பினால் மட்டும், நம்பிக்கையூட்டும் சமயப் போதனைகள் கொண்ட கைநூல் ஒன்றைத் தருகிறார்கள். ஐந்து வேளையும் தொழ முடியவில்லையே என்று தவிப்பவருக்கு இந்த வாரம் ஒரு வேளை, உட்கார்ந்தபடியாவது என்று தொடங்கலாம். சகோதரிக்கு ஒரு போன், கடைவரை ஒரு நடை. சிகிச்சை தருபவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை.

தெற்கு லண்டனில் மனநல மருத்துவர் லூயிசா கோட்ஜோவும் உடன்பணியாற்றுபவர்களும் கறுப்பினச் சபைகளோடு சேர்ந்து ஒரு பயிற்சித் திட்டம் நடத்தினார்கள். மருத்துவர்கள் போய் வகுப்பெடுத்துத் திரும்புவதாக இல்லாமல், சபையாரும் சேர்ந்தே பாடத்தை வடிவமைத்தது அதன் சிறப்பு. பாஸ்டர் மேடையிலிருந்து, நானும் மருத்துவரிடம் போகச் சொல்கிறேன் என்று ஒரு வாக்கியம் சொன்னால், பத்தாயிரம் துண்டறிக்கை செய்யாததை அது செய்யும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எல்லை மீறலும் கூடாது. நோயாளியிடம் தம் சமயத்தைப் பரப்பவும் அவர் நம்பிக்கையை இடித்துரைக்கவும் மருத்துவருக்கு உரிமை இல்லை என்று அரச மனநல மருத்துவர் கல்லூரி எழுத்தில் வைத்திருக்கிறது.

இனி, வீட்டில் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால் கைக்கொள்ள வேண்டிய சில செய்திகள். மருத்துவரிடம் சமயத்தைப் பற்றி அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். நோன்பு பிடிப்பீர்களா, விரதம் உண்டா, எந்த வேளையில் சாப்பிடுவீர்கள் என்பது மாத்திரை நேரத்தைப் பாதிக்கும். லித்தியம் சாப்பிடுகிறவர் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மருந்தின் அளவு இரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு என்பதை இமாமும் சொல்வார். சில குளிகைகளின் உறை விலங்கு ஜெலட்டினில் செய்யப்படுவது. சைவர்களும் முஸ்லிம்களும் மாற்றுக் கேட்கலாம், கேட்காமல் மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து. குணமாகிவிட்டேன் என்று சபையில் சாட்சி சொல்லும் உற்சாகத்தில் மாத்திரையை ஒரே நாளில் விட்டவர்கள் பலர் மறுபடி விழுந்திருக்கிறார்கள். குறைப்பதென்றால் மருத்துவர் சொல்லி மெல்லக் குறைக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளரை என்.எச்.எஸ். இலவசமாகத் தரும், கேட்டு வாங்குங்கள். பத்து வயதுப் பிள்ளையைத் தாயின் மனநோய்க்கு மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மருத்துவமனைகளில் பல சமயத்து ஆன்மிகப் பணியாளர்கள் இருக்கிறார்கள், இந்துவோ முஸ்லிமோ வேண்டுமென்றும் கேட்கலாம். மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர் சீட்டு இல்லாமலே பேச்சுச் சிகிச்சைக்கு நேரடியாகப் பதிந்துகொள்ளலாம். நெருக்கடி நேரத்தில் 111 எண்ணை அழைத்து 2-ஐ அழுத்தினால் மனநலப் பிரிவு கிடைக்கும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 116 123 எந்த நேரமும் திறந்திருக்கும். உடனடி ஆபத்து என்றால் 999. தமிழ்நாட்டில் உள்ள உறவினருக்கு உதவி வேண்டுமானால், அவர் அங்கிருந்தே அழைக்க இந்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416 உண்டு, தமிழிலேயே பேசலாம். அந்தப் போனை எடுக்கும்போது பாஸ்டரையோ இமாமையோ ஐயரையோ பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பினால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.